சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்களின் அடுத்த பாகங்களில் துணைக் கதாபாத்திரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் பாகத்தில் நாயகனோடு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய ஒருவர் அடுத்த பாகத்தில் எங்கே போனார்? படம் பார்க்கிற பலருக்கும் எழும் கேள்வி இது. அதையொட்டி அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. படங்களின் முடிவுகள் மறைக்காமல் பேசப்படுகின்றன, பார்க்காதவர்கள் கவனமாகப் படிக்கவும்.

துணைக் கதாபாத்திரம் என்று இங்கே யாரைச் சொல்கிறீர்கள்?

கதையின் முடிவு யார் கையில் இருக்கிறதோ அவர் நாயகன் அல்லது நாயகி. அவருக்கு உதவுகிறவர்கள், குறுக்கே நிற்கிறவர்கள், அவர் யாருக்காகப் போராடுகிறாரோ அவர்கள், எல்லாரும் துணைக் கதாபாத்திரங்கள். மனிதர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கணினி, ரோபோ, குரங்கு, வேற்றுக்கிரகவாசி எல்லாரும் வரலாம்.

இந்த வகைப் படங்களில் இவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. கதை நடக்கும் உலகம் நமக்குப் புதியது. அங்கே சாதாரண ஆட்கள் எப்படி வாழ்கிறார்கள், எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்பதையெல்லாம் இவர்கள் வழியாகத்தான் தெரிந்துகொள்கிறோம். ஆகவே இவர்களைத் தூக்கிவிட்டால் அந்த உலகமும் கொஞ்சம் ஆளில்லாததாகிவிடுகிறது.

அடுத்த பாகம் தொடங்கியதுமே இவர்கள் ஏன் காணாமல் போகிறார்கள்?

பாதிக் காரணங்கள் கதைக்கு வெளியே இருப்பவை. முதல் படம் எடுக்கும்போது இரண்டாவது வரும் என்று பல நேரம் யாருக்கும் தெரியாது. முன்னணி நடிகரை எப்படியாவது பிடித்து வந்துவிடுவார்கள். மற்றவர்களிடம் சம்பளம் படியாமல் போகும், கால்ஷீட் கிடைக்காது, உடல்நலம் ஒத்துழைக்காது. இயக்குநரும் கதாசிரியரும் மாறியிருந்தால், பழைய ஆட்கள்மேல் புதியவர்களுக்குப் பாசம் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

கதைக்குள்ளேயும் ஒரு காரணம் இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நல்ல முதல் பாகம் பெரும்பாலும் ஒரு சேர்க்கையில் முடியும். தனியாக இருந்தவருக்கு ஒரு குடும்பமோ நண்பர் கூட்டமோ கிடைத்திருக்கும். அடுத்த பாகத்துக்குப் புதிய சிக்கல் வேண்டும். நாயகனை மறுபடி தனிமையில் நிறுத்துவதுதான் சுலபமான வழி. கூட இருந்தவர்களை அழித்துவிட்டால் பழைய இடத்திலிருந்து கதையைத் தொடங்கிவிடலாம். ஆனால் முதல் பாகத்தில் இரண்டு மணி நேரம் நாம் பதறியதெல்லாம் அந்தச் சேர்க்கைக்காகத்தானே? அதை முதல் ஐந்து நிமிடத்தில் கலைத்தால், முந்தைய வெற்றிக்கே மதிப்பில்லாமல் போகிறது.

'ஏலியன் 3' மேல் இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஏன் இவ்வளவு கோபம்?

1986-இல் வந்த 'ஏலியன்ஸ்' படத்தின் முடிவை நினைத்துப் பாருங்கள். ஐம்பத்தேழு ஆண்டுகள் விண்வெளியில் உறைந்து தூங்கிவிட்டு எழுந்த நாயகி ரிப்ளிக்கு யாரும் மிச்சமில்லை. மகளும் முதுமையடைந்து இறந்துவிட்டாள் என்பதைப் படத்தின் நீண்ட வடிவத்தில் தெரிந்துகொள்கிறோம். அப்படிப்பட்டவள், நியூட் என்ற சிறுமிக்காக வேற்றுயிரின் கூட்டுக்குள்ளேயே இறங்கிப் போகிறாள். கடைசியில் அந்தக் குழந்தை அவளை அம்மா என்று அழைக்கிறது. ரிப்ளி, நியூட், படுகாயமடைந்த ராணுவ வீரர் ஹிக்ஸ், உடல் இரண்டாகப் பிய்ந்த செயற்கை மனிதன் பிஷப் ஆகிய நால்வரும் ஒரு குடும்பம்போலத் தூங்கப் போகிறார்கள்.

1992-இல் வந்த மூன்றாம் பாகத்தில் டைட்டில் ஓடும்போதே விண்கலம் விபத்துக்குள்ளாகிறது. நியூட் தூக்கப்பெட்டிக்குள்ளேயே மூழ்கி இறந்துவிடுகிறாள். ஹிக்ஸும் இறந்துவிடுகிறார். இருவருக்கும் ஒரு வார்த்தை வசனம்கூட இல்லை. ஹிக்ஸாக நடித்த மைக்கேல் பீனின் புகைப்படத்தை மட்டும் திரையில் காட்டினார்கள். இரண்டாம் பாகத்தை இயக்கிய ஜேம்ஸ் கேமரூன் இந்த முடிவை வெளிப்படையாகவே கண்டித்திருக்கிறார்.

சரி, இனி என் கருத்து. அந்தப் படத்தின்மேல் உள்ள கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது முழு நியாயம் இல்லை. மரணத்தை அவசரமாக முடித்த அதே படம், துக்கத்துக்கு நேரம் கொடுக்கிறது. குழந்தைக்குள் வேற்றுயிர் இருக்குமோ என்ற பயத்தில் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்கிறாள் ரிப்ளி. அது நடக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். அப்புறம் இரண்டு உடல்களையும் உலையில் இடும்போது, கலம் விழுந்த சிறைக் கிரகத்தின் முன்பின் தெரியாத கைதி ஒருவர் இறந்தவர்களுக்காகப் பேசுகிறார். கடைசியில் தன் உயிரையே விட ரிப்ளி எடுக்கும் முடிவில் அந்த இழப்புக்குப் பெரிய பங்கு உண்டு. இழக்க இனி ஒன்றுமில்லாதவள்தான் அப்படி ஒரு முடிவை எடுக்க முடியும்.

திரைக்கதை முழுமையாகாமலேயே படப்பிடிப்பு தொடங்கியதும், அதற்குமுன் பல எழுத்தாளர்கள் கைமாறியதும் தெரிந்த கதை. வில்லியம் கிப்ஸன் எழுதிக் கைவிடப்பட்ட ஒரு வடிவத்தில் ஹிக்ஸும் பிஷப்பும்தான் மையம். பிற்காலத்தில் அது காமிக்ஸாக வந்தது. 2019-இல் ஒலி நாடகமாகவும் வந்தது. அதில் பீனும், பிஷப்பாக நடித்த லான்ஸ் ஹென்ரிக்ஸனும் தங்கள் பாத்திரங்களுக்கே குரல் கொடுத்தார்கள்.

அப்படியானால் துணைக் கதாபாத்திரத்தைக் கொல்வது தவறில்லையா?

கொல்வதில் தவறில்லை. கொன்றுவிட்டு மறந்துபோவதில்தான் தவறு. நான் கேட்டுப் பார்க்கும் கேள்வி ஒன்றே ஒன்று: அந்த இழப்பு பிறகு யாருடைய நடத்தையையாவது மாற்றுகிறதா?

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 'ஸ்டார் ட்ரெக்' படங்களில் வரும் டேவிட் மார்கஸ். கேப்டன் கிர்க்கின் மகன். 1982-இல் வந்த இரண்டாம் படத்தில் அறிமுகமாகி, 1984-இல் வந்த மூன்றாம் படத்தில் கிளிங்கான் என்ற வேற்றுக்கிரக இனத்தின் வீரன் ஒருவன் கையால் கொல்லப்படுகிறார். திரையில் அவர் இருந்த நேரம் அதிகமில்லை. 1991-இல் வந்த ஆறாம் படத்தில் கிளிங்கான்களோடு சமாதானம் பேச வேண்டிய நிலை வருகிறது. மகனைக் கொன்றவர்களைத் தன்னால் மன்னிக்கவே முடியாது என்று கிர்க் தன் குறிப்பேட்டில் பதிவு செய்கிறார். அந்தப் பதிவே நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சாட்சியாக வந்து நிற்கிறது. ஏழு ஆண்டுகளுக்கு முன் செத்த ஒரு துணைக் கதாபாத்திரம் ஒரு முழுப் படத்தின் முதுகெலும்பாகிவிடுகிறது. அந்த வெறுப்பிலிருந்து கிர்க் வெளியே வருவதுதான் அந்தப் படமே.

எதிர்ப்பக்கம் 'பசிஃபிக் ரிம்' இருக்கிறது. 2013-இல் வந்த முதல் படத்தில் மாகோ மோரி வெறும் துணை இல்லை. படத்தின் உணர்ச்சியே அவளுடைய சிறுவயது நினைவில்தான் இருந்தது. 2018-இல் வந்த அடுத்த பாகத்தில் பெரிய பதவியில் இருக்கிறாள், சீக்கிரமே ஹெலிகாப்டர் விபத்தில் இறக்கிறாள். புதிய நாயகன் அவளுடைய வளர்ப்புத் தம்பி என்பதால் அவனுக்குக் கோபம் வருகிறது, கதை நகர்கிறது. ஆனால் அவள் இடத்தில் வேறு யார் இறந்திருந்தாலும் கதை அப்படியேதான் நகர்ந்திருக்கும். அவளுக்கென்றே இருந்த எதுவும் அந்த மரணத்தில் இல்லை.

'ப்ரொமீதியஸ்' (2012) முடிவில் எலிசபெத் ஷா, மனிதர்களைப் படைத்தவர்கள் பிறகு ஏன் நம்மை அழிக்க நினைத்தார்கள் என்று கேட்க, அவர்களின் கிரகத்தைத் தேடிக் கிளம்புகிறாள். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள நாமும் காத்திருந்தோம். 'ஏலியன்: கவனன்ட்' (2017) வந்தபோது அவள் ஏற்கெனவே இறந்து, சிதைக்கப்பட்ட உடலாகக் கிடக்கிறாள். ரோபோ டேவிட் எவ்வளவு கொடூரமானவன் என்று காட்ட அது உதவுகிறது, உண்மைதான். ஆனால் அவள் கேட்ட கேள்வியும் அவளோடு சேர்ந்தே போய்விட்டது. எனக்கு 'ஏலியன் 3' செய்ததைவிட இது பெரிய வருத்தம்.

கேமரூனே பின்னால் இதைச் செய்யவில்லையா?

'டெர்மினேட்டர்: டார்க் ஃபேட்' (2019) படத்தைக் கேட்கிறீர்கள். அதன் தயாரிப்பாளர்களில் கேமரூனும் ஒருவர், கதையிலும் பங்குண்டு. இரண்டாம் பாகம் முழுக்க யாரைக் காப்பாற்றுவதற்காக எல்லாரும் போராடினார்களோ, அந்தச் சிறுவன் ஜான் கானர் தொடக்கக் காட்சியிலேயே சுட்டுக் கொல்லப்படுகிறான். ஜானைத் துணைக் கதாபாத்திரம் என்று சொல்ல முடியாது என்றாலும் பிரச்சினை அதேதான். ஒரு வித்தியாசம், இங்கே அந்த மரணம் அவன் தாய் சாரா கானரை முழுதாக மாற்றுகிறது. படம் நெடுக அவள் பேச்சிலும் நடையிலும் அது தெரிகிறது. மேலே சொன்ன கேள்வியில் படம் தேறிவிடுகிறது. ஆனாலும் 1991-இல் வந்த அந்த இரண்டாம் பாகத்தை அதற்குப் பிறகு பார்க்கும்போது மனசு சங்கடப்படுகிறது.

ஒரே ஒரு வசனத்தில் ஆளை அனுப்பிவிடுவது சரியா?

நடிகர் வரவில்லை என்றால் வேறு வழியில்லாமல் போகலாம். அந்த ஒரு வசனத்தை எப்படி எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

'மென் இன் பிளாக்' முதல் பாகம் நாயகன் ஜே-க்குப் புதிய கூட்டாளியாக எல் என்ற பெண்ணை அறிமுகப்படுத்தி முடிந்தது. 2002-இல் வந்த அடுத்த பாகத்தில் அவள் பிணவறை வேலைக்கே திரும்பிவிட்டாள் என்று போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார்கள். 'இண்டிபென்டன்ஸ் டே' இரண்டாம் பாகத்தில் (2016) வில் ஸ்மித் நடித்த பாத்திரம் நடுவில் ஒரு சோதனைப் பறப்பில் இறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். முதல் பாகத்தில் பிழைத்து வந்த அவருடைய மனைவி ஜாஸ்மினுக்கும் சில நிமிடங்கள்தான், இடிந்து விழும் மருத்துவமனையோடு போய்விடுகிறாள்.

'தி மேட்ரிக்ஸ்' இதைவிடக் கண்ணியமாகச் செய்தது. முதல் படத்தில் எல்லாரையும் காப்பாற்றிய டேங்க் என்ற கப்பல் பணியாளர் 2003-இல் வந்த அடுத்த பாகத்தில் இல்லை. அவர் இடத்துக்கு லிங்க் வருகிறார். ஆனால் லிங்க்கின் மனைவி ஸீ, டேங்கின் தங்கை. அந்தக் கப்பலில் தன் அண்ணன்கள் இருவரையும் இழந்துவிட்டதாகச் சொல்கிறாள், கணவனை அனுப்பப் பயப்படுகிறாள். இதுவும் சில வசனங்கள்தான். ஆனால் டேங்க் இறந்த செய்தி ஒரு வீட்டின் பயமாக மாறிவிடுகிறது.

நடிகர் மாறினால் என்ன செய்கிறார்கள்?

மூன்று வழிகளைப் பார்த்திருக்கிறோம். ஒன்றும் நடக்காதது போலப் புதியவரை நிறுத்துவது, மாற்றத்தையே கதைக்குள் கொண்டுவருவது, பழையவர்தான் என்று நம்பவைக்கப் பார்ப்பது.

முதல் வகைக்கு 'பேக் டு தி ஃப்யூச்சர்' நாயகனின் காதலி ஜெனிஃபர். முதல் படத்தில் நடித்த க்ளாடியா வெல்ஸ், தாயின் உடல்நிலை காரணமாகத் திரும்பி வரவில்லை. எலிசபெத் ஷூ வந்தார், முதல் படத்தின் கடைசிக் காட்சியையே அவரை வைத்து மறுபடி எடுத்தார்கள். நடிகை மாறியதில் பெரிய குறையில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. தொடர்ச்சி வரும் என்று தெரிந்திருந்தால் ஜெனிஃபரைக் காலப்பயணக் காரில் ஏற்றியிருக்கவே மாட்டோம் என்று கதாசிரியர் பாப் கேல் பின்னர் சொல்லியிருக்கிறார். அந்தச் சங்கடம் திரையிலேயே தெரிகிறது. எதிர்காலத்துக்குப் போனதும் அவளை மயக்கித் தூங்கவைக்கிறார்கள். விழித்தெழுந்து தன் முதுமையைப் பார்த்ததும் மறுபடி மயங்குகிறாள். பிறகு வீட்டு வாசல் ஊஞ்சலில் விட்டுவிட்டு எல்லாரும் கிளம்பிவிடுகிறார்கள். மூன்றாம் பாகத்தின் முடிவில்தான் எழுப்புகிறார்கள். காலப்பயணத்தில் தன் வருங்காலக் குடும்ப வாழ்க்கையையே நேரில் பார்த்த பெண் அவள். அவளிடம் கேட்க எத்தனை கேள்விகள் இருந்தன!

மூன்றாம் வகையும் அதே படத்தில்தான் நடந்தது. நாயகனின் அப்பாவாக நடித்த கிறிஸ்பின் க்ளோவர் வரவில்லை. வேறொரு நடிகருக்கு க்ளோவரின் முகச் சாயலில் ஒப்பனை போட்டு, முகம் சரியாகத் தெரியாதபடி தலைகீழாகத் தொங்கவிட்டெல்லாம் எடுத்தார்கள். தன் உருவத்தை அனுமதியில்லாமல் பயன்படுத்தியதாக க்ளோவர் வழக்குப் போட்டார். நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானது. ஒருவருடைய முகம் யாருக்குச் சொந்தம் என்று இன்று கணினி வரைகலையை வைத்து நடக்கும் விவாதத்துக்கு அந்த வழக்கு ஒரு முன்னோடி.

நடுவில் உள்ள வழிதான் எனக்குப் பிடித்தது. 'தி மேட்ரிக்ஸ்' படத்தில் வருங்காலம் சொல்லும் ஆரக்கிளாக நடித்த க்ளோரியா ஃபாஸ்டர், அடுத்த பாகத்துக்கான தன் காட்சிகளை முடித்துவிட்டு 2001-இல் காலமானார். மூன்றாம் படத்தில் மேரி ஆலிஸ் நடித்தார். தான் எடுத்த ஒரு முடிவுக்கு விலையாகப் பழைய தோற்றத்தை இழந்ததாக ஆரக்கிளே சொல்கிறாள். அந்த உலகத்தில் அவள் ஒரு மென்பொருள், ஆகவே தோற்றம் மாறுவது நம்பும்படியாக இருக்கிறது. கண்ணாடியில் தன்னையே அடையாளம் தெரியாத ஒருத்தியின் குழப்பமும் கதைக்குக் கிடைத்தது. நடிகை இறந்த துக்கத்தைக் கதை மரியாதையோடு ஏற்றுக்கொண்டது.

அடுத்த பாகத்தில் வளர்ந்த துணைக் கதாபாத்திரங்கள் உண்டா?

நிறைய உண்டு. எனக்கு மிகப் பிடித்த உதாரணங்கள் 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' வரிசையில்தான் இருக்கின்றன, பழையதிலும் புதியதிலும்.

1968 படத்தில் மனித நாயகனுக்கு உதவும் சிம்பன்ஸி விஞ்ஞானிகள் ஸீராவும் கொர்னீலியஸும். இரண்டாம் பாகத்தின் முடிவில் பூமியே வெடித்துச் சிதறிவிடுகிறது. அதற்கு மேல் என்ன கதை சொல்ல முடியும்? 1971-இல் வந்த மூன்றாம் பாகத்தில் அந்தத் தம்பதி, நாயகன் வந்த விண்கலத்தில் ஏறிக் காலத்தில் பின்னோக்கி, மனிதர்கள் ஆளும் அமெரிக்காவுக்கு வந்து இறங்குகிறார்கள். முதல் படத்தில் விசாரித்தவர்கள் இப்போது விசாரிக்கப்படுகிறார்கள். கதையை அப்படியே தலைகீழாகத் திருப்ப, துணைப் பாத்திரங்களை முன்னால் கொண்டுவந்தது மட்டும் போதுமாக இருந்தது. அவர்களுடைய மகன் சீஸர்தான் அடுத்த இரண்டு படங்களின் நாயகன்.

2011-இல் தொடங்கிய புதிய வரிசையில் கோபாவைக் கவனியுங்கள். முதல் படத்தில் ஆய்வகத்தில் அடைபட்டிருக்கும், ஒரு கண் பழுதான குரங்கு. சில காட்சிகள்தான். 2014-இல் வந்த 'டான் ஆஃப் தி பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தில் மனிதர்களுக்கு அவர்களுடைய வேலையைச் செய்ய அனுமதி கொடுப்போம் என்று இந்த வரிசையின் நாயகனான குரங்கு சீஸர் சொல்லும்போது, கோபா தன் உடம்பில் உள்ள தழும்புகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இவைதான் மனிதர்களின் வேலை என்கிறான். அந்த ஒரு காட்சியில் முதல் பாகத்தில் நாம் பார்க்காத ஆண்டுகள் எல்லாம் கண்முன் வந்துவிடுகின்றன. அவன் செய்யும் கொடுமைகளை ஏற்க முடியாது, ஆனால் அவனைப் புரியாது என்று சொல்லவே முடியாது. மறுபக்கம் மாரிஸ் என்ற ஒராங்குட்டான். முதல் படத்தில் சைகை மொழி தெரிந்த சர்க்கஸ் குரங்கு, இரண்டாவதில் குட்டிகளுக்கு ஆசிரியர், மூன்றாவதில் பேச்சிழந்த ஒரு மனிதச் சிறுமிக்குப் பாதுகாவலர். மாரிஸின் குணம் மாறவேயில்லை, அதைக் காட்ட ஒவ்வொரு படத்திலும் புதிய வேலை கொடுத்தார்கள்.

'ஸ்டார் ட்ரெக்' வரிசையில் சுலு, பல ஆண்டுகள் கப்பலை ஓட்டும் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தவர், 1991 படத்தில் தனிக் கப்பலுக்குக் கேப்டனாக வருகிறார். கடைசியில் பழைய தலைவரைக் காப்பாற்ற வந்து சேருவதும் அவர்தான். உடன் வேலை செய்தவர்களுக்கும் ஒரு வாழ்க்கை முன்னேறிக்கொண்டுதான் இருந்தது என்பதை இப்படி ஒப்புக்கொள்ளும் படங்கள் குறைவு.

எல்லாருக்கும் முன்வரிசை ஒத்துவரும் என்றும் சொல்ல முடியாது. 'ஜுராசிக் பார்க்' முதல் படத்தில் இயன் மால்கம் பக்கத்தில் நின்று எச்சரிக்கிறவர். 1997-இல் அவரையே நாயகனாக்கினார்கள். எச்சரிக்கிறவர் ஓடிக் காப்பாற்றுகிறவராக மாறியதும் முதல் படத்தில் இருந்த சுறுசுறுப்பும் குறும்பும் குறைந்துபோயின.

வில்லனாகவோ தவறு செய்தவராகவோ இருந்தவர்களை அடுத்த பாகம் எப்படிப் பார்க்கிறது?

இதில் '2010' (1984) எனக்கு உயர்வாகப் படுகிறது. முன்னதான '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யில் ஹால் என்ற கணினி விண்வெளி வீரர்களைக் கொல்கிறது, ஏன் என்று படம் விளக்காது. அடுத்த படம் அதற்குக் காரணம் சொல்கிறது. தகவலைத் திரிக்காமல் தருவதற்காக உருவான கணினிக்குப் பயணத்தின் நோக்கத்தை மறைக்கச் சொல்லி உத்தரவு. அந்த முரண்பாட்டில்தான் அது சிதைந்தது. இந்த முறை அதை உருவாக்கிய சந்திரா, மற்றவர்களைக் காப்பாற்ற அது அழிய வேண்டியிருக்கும் என்ற உண்மையைச் சொல்லிவிடுகிறார். ஹால் ஏற்றுக்கொள்கிறது, உண்மையைச் சொன்னதற்கு நன்றியும் சொல்கிறது. படத்தின் தொடக்கத்தில் இன்னொரு கணினி தனக்குக் கனவு வருமா என்று கேட்டபோது, கட்டாயம் வரும் என்றவர் சந்திரா. ஹால் அதே கேள்வியைக் கேட்கும்போது அவரால் தெரியாது என்று மட்டும்தான் சொல்ல முடிகிறது. மர்மத்தை விளக்கியதால் முதல் படத்தின் கம்பீரம் குறைந்தது என்று வாதிடுவார்கள். இருக்கலாம். ஆனால் ஹாலுக்குக் கிடைத்த நியாயத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

டைனோசர் படங்களில் வரும் டாக்டர் வூ இன்னொரு சுவாரசியமான ஆள். 1993-இல் சில நிமிடங்கள் வந்த விஞ்ஞானி, 2015-இல் அதே நடிகர் பி.டி. வோங்குடன் திரும்பி வருகிறார். பார்க்கில் உள்ளவை எல்லாம் பெண் டைனோசர்கள், தானாகப் பெருகாது என்று அன்று உறுதியாகச் சொன்னவர்தான் பிறகு புதிய மிருகங்களையே வடிவமைக்கிறார். அந்தத் தன்னம்பிக்கையின் தொடர்ச்சி அழகாக இருந்தது. 2022-இல் வரும் மனமாற்றம்தான் அவசரமாக இருந்தது, அதற்கு இன்னும் இரண்டு காட்சிகள் தேவைப்பட்டன.

இறந்தவர்களைத் திரும்பக் கொண்டுவருவது இந்த வகைப் படங்களுக்குச் சுலபம்தானே?

சுலபம் என்பதுதான் ஆபத்து. குளோனிங், நினைவுப் பதிவு, இணை உலகம் என்று வழிகள் ஏராளம். திரும்பி வந்தவர் அதே ஆள்தானா என்ற கேள்வியைக் கதை நேராகச் சந்தித்தால் பலன் உண்டு.

'அவதார்: தி வே ஆஃப் வாட்டர்' (2022) படத்தில் இறந்துபோன கர்னல் குவாரிச்சின் நினைவுகள் நாவி என்ற வேற்றுக்கிரக இனத்தின் உடல் ஒன்றில் ஏற்றப்பட்டிருக்கின்றன. அவர் காட்டில் தன் பழைய மனித மண்டையோட்டைக் கண்டெடுத்துக் கையாலேயே நொறுக்குகிறார். நான் அவர் இல்லை என்கிறாரா, அவரைவிடப் பலசாலி என்கிறாரா என்று யோசிக்க வைக்கும் காட்சி. பழைய குவாரிச்சின் மகன் குறுக்கே வரும்போது அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' இயக்குநர் ஜேம்ஸ் கன், முதல் படத்தில் தன்னைத் தியாகம் செய்த மர உருவ க்ரூட் இறந்துவிட்டது, அதன் பிறகு வரும் குட்டி வேறொன்று என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தெளிவு இருப்பதால்தான் முதல் படத்தின் தியாகம் இன்னும் தியாகமாகவே இருக்கிறது.

ரசிகர்களின் எதிர்ப்பால் ஒரு கதாபாத்திரத்தை ஓரங்கட்டலாமா?

கூடாது என்பது என் உறுதியான கருத்து. 'ஸ்டார் வார்ஸ்: தி லாஸ்ட் ஜெடை' (2017) படத்தில் ரோஸ் டிகோ முக்கியமான பாத்திரம். போரில் அக்காவை இழந்த ஒரு பராமரிப்புத் தொழிலாளி. நடித்த கெல்லி மேரி டிரான், இணையத்தில் இனவெறியும் வக்கிரமும் நிறைந்த தாக்குதலுக்கு ஆளானார், 2018-இல் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகளையே நீக்கினார். 2019-இல் வந்த அடுத்த படம் 142 நிமிடம் ஓடுகிறது. அதில் ரோஸ் இரண்டு நிமிடம்கூட இல்லை. போராளிகளின் தலைவி லேயாவோடு அவர் வரும் சில காட்சிகள் தொழில்நுட்பக் காரணத்தால் கைவிடப்பட்டதாகக் கதாசிரியர்களில் ஒருவர் விளக்கினார். அப்படியே இருந்தாலும், ரோஸை லேயாவின் பக்கத்தில் மட்டும் நிறுத்தத் திட்டமிட்டதே ஒரு பின்வாங்கல்தான். முந்தைய பாகத்தில் சக போராளி ஃபின்னுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவள் அவள். அந்த உறவு என்ன ஆனது என்று படம் கேட்கவேயில்லை.

தமிழில்?

'எந்திரன்' (2010), '2.0' (2018) இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதல் படத்தின் சிக்கலே சனாவைச் சுற்றித்தான் இருந்தது. சிட்டிக்குக் காதல் வந்ததும் கெட்டதும் அவளால். அடுத்த பாகத்தில் சனா தொலைபேசியில் கேட்கும் குரல் மட்டும். வசீகரனின் உதவியாளர்களாக வந்த சிவா, ரவி இருவரும் இல்லை. போராவின் மகன் ஒருவர் வருகிறார், அது நல்ல தொடர்ச்சி. ஆனால் சிட்டி மறுபடி இயங்கும் செய்தி சனாவுக்கு என்ன பயத்தைக் கொடுத்திருக்கும்? கடத்தப்பட்டு அடைக்கப்பட்டவள் அவள்தானே. அந்த ஒரு காட்சி இருந்திருந்தால் இரண்டு படங்களும் இன்னும் இறுக்கமாகப் பிணைந்திருக்கும்.

எடுத்துவிட்டு வெட்டப்படும் காட்சிகள்?

இதுவும் அடிக்கடி நடக்கிறது. 'டியூன்' முதல் பாகத்தில் (2021) தூஃபிர் ஹவாத்தாக நடித்த ஸ்டீஃபன் மெக்கின்லி ஹெண்டர்சனின் காட்சிகள் இரண்டாம் பாகத்தில் (2024) முழுதாக வெட்டப்பட்டன. நாவலைப் படித்தவர்களுக்கு ஏமாற்றம்தான், ஆனால் அந்தப் படத்தின் ஓட்டத்துக்கு அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

மிகச் சிறிய பாத்திரங்கள், நாலு வசனம் பேசுகிறவர்கள்?

இவர்களைத் தேடிப் பார்ப்பதில்தான் எனக்குத் தனி மகிழ்ச்சி. 'ஸ்டார் வார்ஸ்' முதல் மூன்று படங்களிலும் வரும் விமானி வெட்ஜ் ஆன்டிலீஸ், பெரிய பெயர்கள் எல்லாம் விழும் போர்களில் பிழைத்துவிடுகிறார். 1983 படத்தில் டெத் ஸ்டார் என்ற ராட்சத விண்தளங்களில் இரண்டாவதின் உள்ளே பறந்து போகிறவர்களில் ஒருவர் அவர். 1977 படத்தின் கடைசி விழாவில் லூக்குக்கும் ஹானுக்கும் பதக்கம் கிடைத்தது, சூபாக்காவுக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பதக்கம் 2019-இல்தான் அவர் கைக்கு வந்தது.

'டெர்மினேட்டர்' படங்களின் மனநல மருத்துவர் சில்பர்மேனும் இப்படித்தான். 1984-இல் கொலைகார ரோபோ காவல் நிலையத்துக்குள் நுழையும் அதே நொடியில், அதைக் கவனிக்காமலேயே வெளியேறுகிறார். 1991-இல் சாராவைப் பைத்தியம் என்று அடைத்து வைத்தவரின் கண்முன்னால் ஒரு ரோபோ கம்பிக்கதவுக்குள் புகுந்து வருகிறது. 2003-இல் ஒரு பெண்ணுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பவர், டெர்மினேட்டரைப் பார்த்ததும் ஓட்டம் பிடிக்கிறார். மூன்று படங்களிலும் சேர்த்து அவருக்குச் சில நிமிடங்கள்தான், ஆனால் நம்பாதவர் நம்பியவராகும் ஒரு முழுக் கதை அதில் இருக்கிறது.

இதையெல்லாம் கவனித்துப் பார்க்க எந்தப் படங்களிலிருந்து தொடங்கலாம்?

2011, 2014, 2017 ஆண்டுகளில் வந்த மூன்று 'ஏப்ஸ்' படங்களை வரிசையாகப் பாருங்கள், சீஸரை விட்டுவிட்டு மாரிஸையும் கோபாவையும் மட்டும் தொடருங்கள். அப்புறம் 'ஸ்டார் ட்ரெக்' இரண்டு, மூன்று, ஆறு. நடுவில் உள்ள நான்காவதும் ஐந்தாவதும் டேவிட்டின் கதைக்குத் தேவையில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம். 'ஏலியன்ஸ்' படத்தின் நீண்ட வடிவத்தையும் 'ஏலியன் 3' படத்தையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம். இடையில் ஒரு வாரமாவது விடுங்கள்.